சந்தேகமான வாய்ஸ் நோட்டுக்கு ஆடாசிட்டி எவ்வளவு தூரம் உதவும்?

காசிமேட்டு மீன் கடன், ராயபுரத்து ஏலச்சீட்டு, புளியந்தோப்பு கானா கச்சேரிக்கு அட்வான்ஸ் என்று வடசென்னையில் பல பேச்சு வாய்ஸ் நோட்டிலேயே முடிந்துவிடுகிறது. 3 நொடிக் குரல் மாதிரி இருந்தால் அதே குரலில் பேச வைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் சோதிக்கக் காசில்லாமல் கிடைப்பது ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள். வெட்டி ஒட்டிய ஆடியோவைப் பிடிக்க இது ஓரளவு உதவும். ஏஐ குரலா என்ற கேள்விக்கு இதனிடம் பதில் கிடையாது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியதுதான் முக்கியம். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டருக்குள் ஒரிஜினல் ஃபைல் இருக்கும். பெயர் பி.டி.டி (PTT) என்று தொடங்கினால் அது வாய்ஸ் நோட்டாக வந்தது. ஏ.யூ.டி (AUD) என்றால் ஏற்கெனவே இருந்த ஆடியோ ஃபைலை இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணன் இப்பதான் பேசி அனுப்புனாரு" என்று வந்தது ஏ.யூ.டி ஃபைலாக இருந்தால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். பி.டி.டி என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. போலிக் குரலை ஸ்பீக்கரில் ஓட்டி மைக் முன்னால் வைத்தாலும் பி.டி.டி-தான் வரும்.

அந்த ஃபைலை கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு எடுத்து, ஷா-256 ஹாஷ் எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும்) குறித்து வைத்துவிட்டு, ஒரு நகலை மட்டும் ஆடாசிட்டியில் திறக்கவும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு ஓபஸ் என்ற வகை ஃபைல்; ஆடாசிட்டி பழைய பதிப்பு என்றால் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற துணை மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும்.

டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமைத் தேர்ந்தெடுங்கள், எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் படம் அது. ஸ்கேல் 'மெல்' (Mel) என்று இருந்தால் 'லீனியர்' (Linear) என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேல் அலைவரிசை நசுங்கித் தெரியும். விண்டோ சைஸை 512-க்கு இறக்கினால் நேரம் துல்லியமாகும். வெட்டிய இடம் இருந்தால் மேலிருந்து கீழ்வரை மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியலாம். அதற்கு முன்னும் பின்னும் ஃபேன் இரைச்சலின் நிறம் மாறியிருக்கிறதா, சொல்லின் எதிரொலி பாதியில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம் தேட 8192-க்கு ஏற்றவும், ஆனால் போன் பதிவில் அது பெரும்பாலும் மிஞ்சாது.

பலரும் ஏமாறும் இடம் இனிமேல்தான். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் படம் காலியாக இருந்தால் ஏஐ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்கில், அதாவது நொடிக்கு 16,000 முறை ஒலியை அளந்து, பதிவான எந்தக் குரலும் அப்படித்தான் தெரியும். வாக்கியங்களுக்கு நடுவே சுத்த மௌனமும் ஆதாரமாகாது, போனின் இரைச்சல் குறைப்பே அதைச் செய்துவிடும். போலிக் குரல் விட்டுச்செல்லும் நுண்ணிய தடயங்களை, ஃபைலைச் சிறிதாக்க வாட்ஸ்அப் செய்யும் சுருக்கம் அழித்துவிடுவதும் உண்டு. சதவீதம் காட்டும் ஆன்லைன் டிடெக்டர்கள் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம். அங்கே ஃபைலை ஏற்றினால் அந்தக் குரல் இன்னொரு கைக்கும் போய்விடும்.

"நம்ம ஏரியா பாஷை அப்படியே இருக்கே" என்பதும் செல்லாது. குரல் மாற்றும் கருவிகளில் ஒருவர் பேசுவார், கருவி குரலின் நிறத்தை மட்டும் மாற்றும். இழுவையும் ஏற்ற இறக்கமும் பேசியவருடையவை. வியாசர்பாடிப் பேச்சு தெரிந்தவர் பேசினால் வியாசர்பாடிப் பேச்சாகவே வரும். கானா பாடகர்களுக்கு இதனால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வெளியான பாட்டிலிருந்து குரலைத் தனியே பிரித்தெடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுத்த விவகாரத்தில் பாம்பே உயர் நீதிமன்றம் 2024-இல் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தப் பாதுகாப்பு நம் தெருப் பாடகர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குக் கைவசம் சான்று இருக்க வேண்டும்: பாடிய அன்றே எடுத்த வேவ் (WAV) ஃபைலை 24 பிட்டில், எடிட் செய்யாமல், ஹாஷோடு இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஆடாசிட்டியின் பெரிய குறை எக்ஸ்போர்ட்டில். எதையும் தொடாமல் 16 பிட் வேவாக வெளியே எடுத்தாலும், வழக்கமான அமைப்பில் டித்தர் என்ற சன்னமான இரைச்சலைச் சேர்த்துவிடும். காதுக்குத் தெரியாது, ஆனால் அது வேறு ஃபைல், ஹாஷும் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் எண்ணை எழுத வேண்டும் என்பதால், கொடுக்க வேண்டியது ஒரிஜினலைத்தான். எக்ஸ்போர்ட் செய்ததையும் ஸ்கிரீன்ஷாட்டையும் உங்கள் குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், போனில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.