கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு வேண்டாம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான வான்வழித் தூரம் வேண்டுமென்றால் முதலில் திறக்க வேண்டிய இணையதளம் கிரேட் சர்க்கிள் மேப்பர்தான். இலவசம். பூமியைச் சீரான உருண்டையாக வைத்துக் கணக்கிடும் தளங்களில் விடை அரை சதவீதம் வரை பிசகும், 15,000 கி.மீ. வழியில் அது 75 கி.மீ. இந்தத் தளம் துருவங்களில் பூமி சற்றே தட்டையாக இருப்பதையும் கணக்கில் சேர்க்கிறது.

விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறுகோடு இட்டுத் தட்டினால் போதும். இடையில் இறங்கிப் போகும் பயணமா, அந்த நிலையத்தையும் நடுவே சேருங்கள்; ஒவ்வொரு கட்டத்தின் தூரமும் மொத்தமும் வரும். இரண்டு வழிகளை ஒப்பிட இடையில் கமா. அலகைக் கவனியுங்கள்: சாதா மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. குறியீட்டிலும் பிழை எளிதில் நேரும். திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி, திருப்பதி டிஐஆர். தவறாக அடித்தது வேறொரு நிலையத்தின் குறியீடாக இருந்தால் தளம் எச்சரிக்காது, அந்த ஊருக்குக் கோடு போட்டுவிடும். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சறுக்கல் நேரத்தில்தான். வேகத்தை நாம் கொடுத்தால் தூரத்தை அதனால் வகுத்துச் சொல்கிறது, அவ்வளவே. காற்றும் தெரியாது, மூடிய வான்வெளியும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 15,340 கி.மீ., வட துருவத்தை ஒட்டிச் செல்லும் கோடு. மணிக்கு 900 கி.மீ. என்று போட்டால் 17 மணி நேரம் வரும். ஆனால் 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது அறிவித்தது ஏறத்தாழ 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம் வரை. கூடுதலாகப் பறக்கும் 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் இந்தக் கோட்டில் எங்கும் இல்லை.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ இன்னும் தெளிவான சான்று. கோட்டின்படி 12,370 கி.மீ. அளவு. ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்து, சுமார் 14.5 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தூரம் 1,400 கி.மீ. கூடியும் நேரம் இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்றோட்டம் எதிரே வராமல் பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம்.

ஆகவே மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வைத்து வகுத்து, தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி கூட்டுங்கள். கிழக்கு–மேற்கு நெடும்பயணமானால் போக வர ஒரே நேரம் என்று எண்ண வேண்டாம். மேற்கே போகும்போது கூடும். ஊர் நேர வேறுபாட்டைத் திசைக்கேற்பத் தனியே கூட்டவோ கழிக்கவோ வேண்டும்: சிங்கப்பூர், நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் முந்தி இருக்கும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கு உதவாது, நிறுவனத்தின் கால அட்டவணையையே பாருங்கள்.