எக்ஸ்எல்லுக்கு வந்த புல்லட் ஃபைன்

இந்த முறை தர்மபுரிக்குப் போனது மாம்பழ சீசனில். லீவில் பாதி மாம்பழத்துக்குப் போனது, மீதி அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குப் போனது. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியும் வண்டி அவர் பெயரிலேயே இருந்தது. தம்பி பாலக்கோடு தக்காளி மண்டிக்கு அதில்தான் போய் வருகிறான். "நீ வந்தா பேர் மாத்திடலாம்ணா" என்று போனில் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாரிசுச் சான்று கையில் இருந்தது. ஆர்.சி. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் இதற்கு ஸ்டேஷனுக்குப் போய், வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுத்து, நாலு நாள் நடக்க வேண்டும். இப்போது தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே காணாமல் போன ஆவணத்துக்கு அறிக்கை எடுத்துவிடலாம். காபி ஆறுவதற்குள் கையில் வந்துவிட்டது. அடடே என்று நினைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டு நினைத்துவிட்டேன்.

இ-சேவை மையத்தில் இருந்த பையன் வண்டி நம்பரைத் தட்டினான். "சார், ஃபைன் ஒன்னு பாக்கி இருக்கு. ஹெல்மெட். ஆயிரம் ரூபா. இது முடிஞ்சாதான் பேர் மாத்த முடியும்." தேதியைப் பார்த்தால் அப்பா போய் ஏழு மாதம் கழித்து. தம்பி, ஃபைன் போட்ட இடத்துப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தான். அவன் ஹெல்மெட் போடும் லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் நான் நம்பவில்லை. ஃபைன் போட்டபோது எடுத்த படத்தைத் திறந்து பார்க்கலாம் என்றால் ஓடிபி கேட்டது. அது போனது அப்பாவின் பழைய நம்பருக்கு. அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது.

"கட்டிட்டுப் போயிடுங்க சார். அலையற செலவே அதுக்கு மேல ஆயிடும்" என்றான் பையன். தம்பியும் பர்ஸை எடுத்துவிட்டான். எனக்கு அங்கேதான் உறுத்தியது.

நான் இருப்பது அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் பக்கம். எங்கள் கவுன்டியில் மட்டும் தொண்ணூறு குட்டி நகராட்சிகள் இருக்கும். பலவற்றுக்குத் தனித்தனி போலீஸ், தனித்தனி கோர்ட். அதில் ஒன்று ஃபெர்குசன். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்ற பிறகு உலகத்துக்கே தெரிந்த ஊர். அடுத்த மார்ச்சில் அந்த ஊர் போலீஸைப் பற்றி அமெரிக்க மத்திய நீதித்துறையின் அறிக்கை வந்தது. அந்த ஊர் 2015 நிதியாண்டுக்குப் போட்ட ஒரு கோடியே 32 லட்சம் டாலர் பட்ஜெட்டில் 30 லட்சத்துக்கு மேல் அபராதத்திலிருந்தும் கோர்ட் கட்டணத்திலிருந்தும் வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். டிக்கெட், அதாவது ஃபைன் சீட்டு, எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த வருடம் வசூல் ஏறாது என்று நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கே கடிதம் எழுதியிருக்கிறார். 2007-ல் வண்டியைத் தப்பாக நிறுத்திய ஒரு பெண்மணிக்கு 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். கோர்ட்டுக்கு வராததற்கு வேறு ஃபைன். 550 டாலர் கட்டி, ஆறு நாள் ஜெயிலிலும் இருந்துவிட்டு வந்தவருக்கு 2014 கடைசியில் இன்னும் 541 டாலர் பாக்கி! நம் ஊர்க் கந்துவட்டி தோற்றது.

நம் ஊர் அப்படியில்லை, அதையும் சொல்ல வேண்டும். போலீஸுக்குச் சம்பளம் மாநில அரசு தருகிறது. ஃபைன் பணமும் அரசுக் கணக்குக்குத்தான் போகிறது. ஒரு ஸ்டேஷன் ஃபைன் போட்டுத் தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை இல்லை. ஆனாலும் "மாசக் கடைசி, கேஸ் கணக்கு காட்டணும்ல" என்று டீக்கடையில் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். 2022 அக்டோபரில் ஹெல்மெட் ஃபைன் நூறிலிருந்து ஆயிரம் ஆனது. தக்காளி விலை சரிந்த வாரத்தில் தம்பி ஒரு நாள் முழுக்க மண்டியில் நின்றாலும் ஆயிரம் மிஞ்சாது.

ஃபைனே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு எவ்வளவு போட்டாலும் தகும். ஃபைன் தப்பாகவே இருந்தாலும் மறுப்பதைவிடக் கட்டுவது லாபம் என்று ஒரு இ-சேவைப் பையன் மனக்கணக்குப் போட்டுச் சொல்கிறானே, அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஃபெர்குசன் ஞாபகம் வந்ததும் அதனால்தான்.

சரி, போய்த்தான் பார்ப்போம் என்று கிளம்பினோம். சலான் போட்டது பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷன். முதல் நாள் அதற்கான ஆள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் காலையில் ரைட்டர் கம்ப்யூட்டரில் தேடி, படத்தைத் திறந்தார். திறந்ததும் அவரே சிரித்துவிட்டார். படத்தில் ஒரு புல்லட். அதன் மேல் கூலிங் கிளாஸ் போட்ட பையன், தலையில் ஒன்றும் இல்லை. நம்பர் பிளேட்டின் கடைசி எண் 3. எங்களுடையது 8.

"டைப் பண்றப்ப மாறியிருக்கும் சார்" என்றார். மனு எழுதிக் கொடுங்கள், இறப்புச் சான்று நகலும் வையுங்கள் என்றார். இறப்புச் சான்று எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் எக்ஸ்எல் புல்லட் ஆகியிருக்காது. கேட்கவில்லை. மனிதர் மரியாதையாகப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், கையை நீட்டவில்லை. நகல் எடுக்கும் கடையைத் தேடி வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்தோம்.

ஒன்பது நாள் கழித்து இணையதளத்தில் பாக்கி மறைந்தது. அதற்குள் பெட்ரோல், நகல், சாப்பாடு என்று 740 ரூபாய், தம்பிக்கு இரண்டு நாள் மண்டி நஷ்டம். நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கட்டியிருந்தா மிச்சம்ணா" என்றான். படிவம் 31-ஐ நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கொடுத்தோம். அதில் செல்போன் எண் கேட்ட கட்டத்தில் தம்பியின் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்து எழுதினேன். ஊருக்குத் திரும்பி வரும் வழியில் அவனுக்கு ஒரு ஹெல்மெட்டும் வாங்கினோம்.