பழைய லொறியின் விளக்குக் கோளாறு: சோதனை விளக்கா, மல்டிமீட்டரா?

நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றி, இரவில் இறம்பொடை வளைவுகளில் இறங்கும் பழைய லொறிக்கு முன்விளக்கு மங்குவது சிறிய கோளாறு அல்ல. பனிமூட்டத்தில் எதிரே வருபவருக்கும் அது ஆபத்து.

கூர்முனையும் வயரும் பொருத்திய சிறிய பல்பான சோதனை விளக்கு மலிவானது. மழையிலும் இருட்டிலும் உடனே பதில் சொல்லும். பியூஸ் வரை மின்சாரம் வருகிறதா என்று அறிய இதைவிட விரைவான வழி இல்லை. அது மின்னோட்டத்தை இழுப்பதால், மோசமாகப் பச்சை பூத்த இணைப்பில் மங்கியே எரியும். மின்னோட்டம் ஓடாதபோது அதே இடத்தில், மின்னழுத்தத்தை எண்ணில் காட்டும் மல்டிமீட்டர் முழு 24 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆனால் சோதனை விளக்கின் கூர்முனையால் வயரின் உறையைக் குத்தாதீர்கள். துளை வழியே மலை ஈரம் நுழைந்து செம்பை அரித்துவிடும்.

மல்டிமீட்டரை முன்விளக்கு எரியும்போது பயன்படுத்த வேண்டும். ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மற்றதை முன்விளக்கின் ஏர்த் முனையிலும் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் முனை) வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஏர்த் இணைப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஹலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். இந்த இழப்பைச் சோதனை விளக்கை வைத்துக் கண்ணால் கணிக்க முடியாது.

பல்பு அறவே எரியாவிட்டால் சோதனை விளக்கு போதும். மங்கினாலோ, பிரேக்கை மிதிக்கும்போது வேறு விளக்குகளும் சேர்ந்து மின்னினாலோ மல்டிமீட்டர் வேண்டும். ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால் மல்டிமீட்டரையே வாங்குங்கள். சோதனை விளக்கை ஒரு சிறிய 24 வோல்ட் பல்பும் இரண்டு வயர்களும் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம்.