பின்னுக்கு முன்னால் தாடை: வேட்டை வில்லில் எதை மாட்டுவது?

வேட்டை வில் என்று இங்கே நான் சொல்வது வில்லின் வகையை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், கோடியக்கரையில் வெளிமான் நிற்கிறதே என்று வில்லைத் தூக்கிக்கொண்டு போனால் கம்பி எண்ண வேண்டியதுதான். நானும் அத்தானும் எய்வது ஃபோம் கட்டையில். இடம், நீடாமங்கலம் பக்கம் ஓடாமல் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களம். கட்டைக்குப் பின்னால் வைக்கோல் போர், அதற்கும் பின்னால் மில் சுவர். வயலில் எய்யக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சம்பா அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுகிற ஊரில் வயல் எப்போது சும்மா கிடக்கிறது?

எங்கள் இரண்டு வில்லும் ஒரே ரகம். இரு முனைச் சக்கரங்களின் அச்சுக்கு அச்சு 31 அங்குலம், இழுக்க 50 பவுண்டு பலம், சக்கரம் பூட்டிய காம்பவுண்டு. அமெரிக்கர் ஹாலெஸ் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை வாங்கிய யோசனைதான் இது. முழுக்க இழுத்ததும் சக்கரம் உருண்டு பளுவை வாங்கிக்கொள்ளும். 80 சதவீதம் தளரும் வில்லில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்கிறது. குறிபார்க்கும் சாமான்களின் கடையும் அங்கேதான் விரிகிறது. வில்லின் முன்பக்கத்தில் மாட்டும் குறிவளையம்தான் சைட், அதற்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், நுனியில் பொட்டு ஒளிரும் ஊசிதான் பின். அத்தான் ஒரு பின் உள்ள ஸ்லைடர் வாங்கினார். நான் மூன்று பின் நிலையாக நிற்கும் சைட் வாங்கினேன்.

ஸ்லைடரில் டயலைத் திருப்பித் தூரத்தை வைத்தால் பின் ஏறி இறங்கும். வளையத்துக்குள் ஒரே புள்ளி, குழப்பமே இல்லை. நின்ற இடத்தில் நின்று, அளந்த தூரத்துக்கு எய்பவருக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் இழுத்த பிறகு தூரம் மாறினால் நாணை இறக்கி, டயலைத் திருப்பி, மறுபடி இழுக்க வேண்டும். மூன்று பின்னில் அந்த வேலை இல்லை. 20, 30, 40 தூரங்களுக்கு என்று மேலிருந்து கீழே நிற்கும், கண்ணை மட்டும் மாற்றினால் போதும். பதற்றத்தில் தப்பான பின்னை வைத்து அம்பை வைக்கோல் போருக்குள் அனுப்புவதும் நடக்கும். நான் அனுப்பியிருக்கிறேன். ஐந்து, ஏழு பின் உள்ளவை எங்களுக்கு வேண்டாத சுமை. வளையத்துக்குள் தோரணம் கட்டியதுபோல இருக்கும்.

பின் எவ்வளவு தடிமன்? .019 அங்குலம் என்றால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு இழை குறைவு. கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தூரத்தில் நிற்கும் அந்தப் பொட்டு, 30 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் மறைக்கும். .029 போட்டால் இரண்டரை. தோப்பு நிழலில் தடித்த பின்தான் கண்ணுக்குப் படும். களத்து வெயிலிலோ அது தீபாராதனைச் சூடம் மாதிரி விரிந்து இலக்கையே விழுங்கிவிடும். பின்னுக்கு வெளிச்சம் கொண்டுவரும் ஃபைபர் கம்பியில் கொஞ்சம் கறுப்பு டேப் சுற்றினால் வெளிச்சம் அடங்கும். நான் .019ஓடு நிறுத்திக்கொண்டேன்.

இதெல்லாம் முன்பக்கத்துச் சங்கதி. காசெல்லாம் அங்கே போட்டுவிட்டு நாங்கள் இரண்டு மாதம் தேங்கி நின்றது பின்பக்கத்தில், அதாவது எங்கள் சொந்த முகத்தில்.

துப்பாக்கிக்குப் பின்குறி இரும்பில் இருக்கிறது. வில்லுக்கு நம் கண்தான் பின்குறி. அந்தக் கண் ஒவ்வொரு முறையும் நாணுக்கு ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் ஆங்கர், அதாவது முழுக்க இழுத்த கை முகத்தில் வந்து பதியும் மாறாத இடம். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாணில் கண்ணுக்கு நேரே இருக்கும் துளையான பீப்புக்கும் பின்னுக்கும் நடுவே சுமார் 80 சென்டிமீட்டர். பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 30 மீட்டரில் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் விலகல். தாடை கொஞ்சம் தளர்ந்தாலே வரக்கூடிய ஒரு மில்லிமீட்டர் அது.

இங்கே போட்டி மூன்று பொருளுக்கு இடையே. பீப் சைட் என்பது நாணின் இழைகளைப் பிரித்து நடுவில் கட்டும் துளை. கிஸ்ஸர் பட்டன் நாணில் கோக்கும் சின்ன ரப்பர் வில்லை. உதட்டோரத்தில் வந்து உட்காரும். நோஸ் பட்டனும் அதே குடும்பம்தான், மூக்கு நுனியைத் தொடும். கிஸ்ஸர் சில நூறு ரூபாயில் முடியும் சமாச்சாரம். இருட்டிலும் வேலை செய்யும், கண்ணாடி போட்டவருக்கும் வேலை செய்யும். அதன் குறை உதடுதான். பல்லைக் கடித்தால் ஒரு இடம், சிரிப்பை அடக்கினால் வேறு இடம். அத்தானுக்கு அம்பு ஏன் மேலும் கீழுமாகப் போகிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டனைத் தேடி மனிதர் உதட்டைக் குவித்துக்கொண்டு போகிறார்.

“என்ன அத்தான், நாணுக்கு முத்தம் கொடுக்கிறீங்களா?” என்றேன்.

“பேருதான் அப்படி வச்சிருக்கான், நான் என்ன மாப்ள பண்றது?”

மூக்கு உதட்டைப்போல நெளியாது. ஆனால் குட்டை வில்லில் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடங்குவதால், மூக்கு நுனி நாணை எட்டாமலே நிற்கும். எட்டட்டும் என்று தலையை முன்னால் நீட்டினால் போச்சு, ஆங்கரே வேறு இடம். நீளமான வில் வைத்திருப்பவருக்கு நோஸ் பட்டன் நல்லது. எங்கள் 31 அங்குலத்துக்கு ஒத்துவரவில்லை.

பீப் மட்டும்தான் மேல்-கீழ், இடம்-வலம் இரண்டையும் பிடிக்கும். துளை வட்டத்துக்குள் சைட்டின் வளையம் சரியாகப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். கட்டுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு இழுங்கள். முஷ்டி தாடை எலும்புக்கு அடியில் வழக்கமான இடத்தில் உட்காரட்டும். அப்புறம் கண்ணைத் திறங்கள். துளை கண்ணுக்கு நேரே நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் பீப்பை நகர்த்த வேண்டும், கழுத்தை அல்ல. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நான் எத்தனை முறை பின்னைத் திருகினேன் என்று கேட்காதீர்கள்.

ரப்பர் குழாய் கட்டிய பீப் எப்போதும் கண்ணைப் பார்த்தே திரும்பும், ஆரம்பத்தில் வசதி. கத்திரி வெயிலில் அந்தக் குழாய் வெடித்துப்போகும். எனக்கு முழு இழுப்பில் அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணில் பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குழாய் இல்லாததை வாங்கி, மேலும் கீழும் நூல் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வில்லைக் காருக்குள் வெயிலில் விட்டால் நாண் தளர்ந்து துளை திரும்பிக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளையின் அளவுக்கு ஐப்பசி கார்த்திகைதான் பரீட்சை. 1/8 அங்குலத் துளையில் ஒரு மழைத்துளி படலமாக ஒட்டிக்கொள்ளும், ஊதித்தான் எடுக்க வேண்டும். கூர்மை என்னவோ அதில்தான் அதிகம். 1/4 அங்குலம் மாலை ஆறு மணிக்கும் பார்வை தரும். பகலில் வளையத்தைச் சுற்றி இடைவெளி நிறைய, நடுவில் நிற்கிறதா என்று சந்தேகம் வரும். டெல்டா மழைக்கும் மாலை மங்கலுக்கும் நான் 3/16ஐத்தான் சொல்வேன்.

ஆக என் வில்லில் இப்போது மூன்று பின், 3/16 பீப், கூடவே கிஸ்ஸர். அத்தானுக்கும் பீப் கட்டிய பிறகு அம்புகள் ஒரு கைப்பிடிக்குள் வந்து விழுந்தன. ஆனால் மொத்தமும் மூன்று நாலு விரற்கடை கீழே. டயலில் 30, டேப்பில் 30, பிறகு ஏன்? டயலில் இருந்தது கெஜம், களத்தில் நாங்கள் அளந்தது மீட்டர். 30 கெஜம் 27.4 மீட்டர்தான். அம்பு போன பக்கமே பின்னை நகர்த்து என்பது பால பாடம், இறக்கியதும் சரியாகிவிட்டது. என்னைப்போல மூன்று பின் வாங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டயல் மேல் மருந்துக்கடை பிளாஸ்டரை ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் மீட்டர் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.