கலைடாஸ்கோப் ஸ்கேல்: வெட்ட வாங்கலாம், கூடவே வரும் தாளை நம்ப வேண்டாம்

கலைடாஸ்கோப் குயில்ட் (எட்டு முக்கோணத் துண்டுகளின் முனைகள் நடுவில் கூடும்படி தைக்கும் ஒட்டுத்துணி வேலை) வெட்டுவதற்கென்றே விற்கிறார்களே, முனை மழுங்கிய 45 டிகிரி அக்ரிலிக் ஸ்கேல், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இருக்கும் பெரிய குறை ஸ்கேல் மேல் இல்லை, அதோடு மடித்து வைத்துக் கொடுக்கும் செய்முறைத் தாள் மேல்தான்.

முதலில் இது தேவையா என்ற கேள்வி. சாதாரண குயில்டிங் ஸ்கேலிலேயே 45 டிகிரி கோடு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் எட்டுத் துண்டு சேர்ந்து ஒரு எண்கோணம் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் உச்சிக் கோணம் 45, அடியில் இருக்கும் இரண்டும் 67.5. வழக்கமான ஸ்கேல்களில் 30, 45, 60 கோடுகள்தான் இருக்கும், 67.5 இருக்காது. அந்தக் கோணத்தைக் கண் மதிப்பில் வெட்டிவிடலாம் என்று நினைத்தால் எட்டாவது துண்டு வரும்போது தெரிந்துவிடும். அதனால் இந்த ஸ்கேலோ, நாமே வெட்டிய ஒரு அட்டையோ கட்டாயம் வேண்டும்.

ஸ்கேலின் உண்மையான லாபம் அந்த மழுங்கல் முனையில் இருக்கிறது. கால் இன்ச் தையல் விட்டு, முனையை முழுதாகக் கூர்மையாக வெட்டினால், தைத்து முடிந்த பின் உச்சி வரும் இடத்தைத் தாண்டி இன்னும் 0.65 இன்ச் துணி நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வால் நமக்கு எதற்கும் உதவாது. மிஷின் பல்லில் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான், எட்டு வாலும் நடுவில் குவிந்தால் மேலே குயில்டிங் தையலே ஓடாது. ஸ்கேல் அதைச் சீவிவிடுவதால் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மழுங்கிய விளிம்புகள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தி நிற்கின்றன, முனைக்குக் குண்டூசிகூட வேண்டியதில்லை. இதற்காக மட்டுமே நான் இதை மறுபடி வாங்குவேன்.

குறை இல்லாமல் இல்லை. கோடுகளை மேல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் தடிமனாக. அக்ரிலிக்கின் கனம் வேறு நடுவில் இருப்பதால், நேர் மேலிருந்து பார்க்காமல் சற்று சாய்ந்து பார்த்தால் கோடும் துணியும் ஒன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கொஞ்சம் தள்ளியிருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு விளிம்பிலும் முக்கால் மில்லிமீட்டர் பிசகினாலே முடிந்த ப்ளாக்கின் (எட்டுத் துண்டும் சேர்ந்து வரும் ஒரு கட்டத்தின்) அகலம் சுமார் 4 மில்லிமீட்டர் மாறிவிடும். அப்புறம் பக்கத்து ப்ளாக்கோடு எப்படிச் சேரும்? எட்டு அடுக்கு சேர்த்து வெட்டும்போது வழுக்கவும் செய்கிறது, அடியில் உப்புத்தாள் பொட்டு ஒட்டிக்கொண்டால் சரி.

இப்போது அந்தத் தாள். எண்கோணங்களை முழுதாக முடித்து, நடுவே வரும் சதுர இடைவெளிகளில் தனிச் சதுரங்களை வைத்துத் தைக்கச் சொல்கிறது. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி வைக்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை ஊசியைத் துணியில் நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, மூன்று தையலும் ஒரே புள்ளியில் நிற்கும்படி தைக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்களே முகம் சுளிக்கிற வேலை, அதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில் கொடுப்பது அநியாயம். தேவையே இல்லை என்பதுதான் என் கோபம். அதே சதுரத்தை நான்கு முக்கோணமாக உடைத்து, எண்கோணத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றைத் தைத்துவிட்டால் ப்ளாக் சதுரமாகிவிடும், பிறகு எல்லாம் நேர்த் தையல்தான். நான்கு ப்ளாக் சேரும் இடத்தில் அந்த முக்கோணங்கள் கூடி அதே சதுரம் வந்து நிற்கும். நடுவில் கூட்டல் குறிபோல ஒரு தையல் தெரியும், அவ்வளவுதான். மூலைகளுக்கு அடர்த்தியான ஒரே நிறத் துணி போட்டால் அதுவும் தெரியாது.

மூலை முக்கோணத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். 8 இன்ச் ப்ளாக்குக்கு மூன்றரை இன்ச் சதுரத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் தாராளமாக இருக்கும், தைத்த பின் எட்டரைக்குச் சீவலாம். அந்தக் குறுக்கு வெட்டு கிராஸாக, அதாவது துணி இழைக்குச் சாய்வாக இருக்கும், இழுபடும், ஆனால் அது தைபடப்போவது எட்டுத் துண்டுகளின் அடிப் பக்கத்தில், அங்கே துணி நேர் இழை, அதனால் பிடித்துக்கொள்ளும். துண்டுகளின் நீளப் பக்கம் இரண்டும் அரைகுறைக் கிராஸ். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

தைக்கும் வரிசையைப் பற்றித் தாளில் ஒரே வரிதான். ஆனால் அந்த வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்த்ததும் சதுர ஸ்கேலின் மூலையை அதன்மேல் வைத்துப் பாருங்கள், 90 டிகிரி வர வேண்டும். வராவிட்டால் முனைப் பக்கம் தையல் சரிந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே பிரித்துச் சரி பண்ணுங்கள். நான்கு சேர்ந்து அரை வட்டமானதும் நீள விளிம்பில் நேர் ஸ்கேலை வையுங்கள். இரண்டு ஓரமும் கோட்டைத் தாண்டித் தொங்கினால் சீவிவிடலாம். நடு முனை துருத்திக்கொண்டு நின்றால் சீவவே கூடாது, அது தையலுக்கு விட்ட கால் இன்ச்சைத் தின்றுவிடும், பிரித்துத்தான் தைக்கணும். பலர் இந்த இடத்தில் பார்க்காமல் இரண்டு பாதியையும் சேர்த்துவிட்டு நடுவில் குமிழ்க்கிறது, அயர்ன் பண்ணினால் படிந்துவிடும் என்று தேற்றிக்கொள்கிறார்கள். படியாது.

கடைசித் தையலுக்கு முன்பு இதுவரை போட்ட தையல்களின் மடிப்பு எல்லாம் ஒரே சுற்றில் சாய்ந்திருக்கும்படி அயர்ன் பண்ணியிருந்தால், இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் வைக்கும்போது நடுவில் மடிப்புகள் எதிரெதிராக வந்து முட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். ஒரு குண்டூசியை இரண்டு உச்சிக்கும் நடுவே செங்குத்தாக இறக்கி, நடுவில் மட்டும் ஒரு இன்ச் நீளத்துக்குப் பெரிய தையல் போட்டு, பிரித்துப் பார்த்து, எட்டு முனையும் கூடுகிறதென்றால் மட்டும் முழுத் தையலை ஓட்டுங்கள். பிறகு உள்பக்கம், மடிப்புக்குள் இருக்கும் இரண்டொரு தையலை அவிழ்த்துவிட்டால் நடு மடிப்புகள் விசிறியாகச் சுற்றிப் படிந்துவிடும். இல்லாவிட்டால் 16 அடுக்கு ஒரே புள்ளியில் குவியும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதித் தலைவலியைத் தவிர்க்கலாம். டேவிட் ப்ரூஸ்டர் 1817-ல் காப்புரிமை பெற்ற கலைடாஸ்கோப்பில் கண்ணாடிகளை 45 டிகிரியில் வைத்தால் பொருளும் அதன் ஏழு பிம்பமுமாக எட்டு உருவம் தெரியும், அவை ஒன்றுவிட்டு ஒன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். நாம் அடுக்கி வெட்டும் துணியில் அப்படி இல்லை, ஒரே படம் எட்டு முறை சுழலும். அதனால் தையலில் படம் உடைவதுதான் இயல்பு, ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் யாருக்கும் தெரியாது. ஆனால் சமச்சீரான பூ டிசைனை எடுத்து ஸ்கேலின் நடுக்கோட்டில் சரியாக வைத்து வெட்டினால், அது நிஜக் கண்ணாடிபோல விழும், கூடவே எட்டுத் தையலின் குறையும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கறுப்பு என்று மாற்றி மாற்றி வைப்பதும் அப்படித்தான். முதல் முறை செய்பவர்கள் உச்சி விழும் இடத்தில் வெறும் பின்னணி நிறம் இருக்கும்படி வெட்டினால் போதும்.

ஒரே அளவில்தான் தைக்கப்போகிறீர்கள் என்றால் ஸ்கேலே வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் அட்டையில் உயரம் 114 மில்லிமீட்டர், அடி அகலம் 103, மேல் அகலம் எட்டரை என்று நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக வரைந்து வெட்டினால், 8 இன்ச் ப்ளாக்குக்குத் தையலும் சேர்ந்த துண்டு அதுவேதான். ரோட்டரி கட்டரை (உருளும் வட்டக் கத்தியை) மட்டும் அட்டையின் மேல் ஓட்டாதீர்கள், கோடு போட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். பல அளவில் வெட்டுகிறவர்களுக்கும் அடுக்கடுக்காக வெட்டுகிறவர்களுக்கும் ஸ்கேல் உழைக்கும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்தத் தாளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.