இரண்டு கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஹஜ்ஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2024 ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்து, 4,000 பவுண் கட்டி, கடைசியில் லண்டனிலேயே பெருநாள் தொழுதேன். என்னைப் போல இன்னொருவர் மாட்டக் கூடாது.

நமக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் வசிப்பவர் சவூதி அரசின் நுசுக் இணையத்தளத்தில் தானே பதிந்து, பேக்கேஜைத் தெரிவு செய்து, பணத்தையும் அங்கேயே கட்டலாம். 2022இல் முதவ்விஃப் என்ற பெயரில் இந்த முறை முதன்முதலாக வந்தபோது நடந்த குளறுபடி இங்குள்ளவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பலர் நுசுக்கை நம்பத் தயங்குவது அதனால்தான். இன்னொரு வழி ஊர்க் கடவுச்சீட்டில் இலங்கைக் கோட்டா, அதாவது சவூதி இலங்கைக்கு ஒதுக்கும் இடங்கள். 2024இல் அது 3,500. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிந்து, அனுமதிப்பத்திரம் உள்ள முகவர் ஒருவரோடு போக வேண்டும்.

நான் இரண்டாவது வழிக்குப் போனது உம்மாவுக்காக. அவர் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது, இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும்தான். நுசுக்கில் அவரை என்னோடு சேர்த்துக்கொள்ள வழியில்லை. அப்போதுதான் ஊரில் ஒருவர் வந்தார். வருடக்கணக்காக ஆட்களை உம்ரா என்ற சிறிய மக்கா யாத்திரைக்கு அனுப்புகிறவர், எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, உம்மாவையும் உங்களையும் ஒரே குழுவில் போட்டுவிடுகிறேன். இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறீர்கள்தானே, பிறகென்ன?" என்றார்.

உம்மாவின் பணத்தை ஊரில் கட்டினோம். என்னுடையதை லண்டனில் இருக்கும் அவருடைய மச்சானின் கணக்கில் போடச் சொன்னார். ரூபாயாக மாற்றும் அலைச்சல் மிச்சம் என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. ரசீது கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது: "கிடைத்தது தம்பி, ஜஸாக்கல்லாஹ்." அவ்வளவுதான் ரசீது. நான் இங்கே ஒரு கணக்காளரிடம் வேலை பார்க்கிறவன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

உம்மாவுக்கு விசா வந்தது. எனக்கு வரவில்லை. இன்று, நாளை என்று மூன்று வாரம் போனது. அப்புறம் ஒரு நாள் இரவு ஹாஜியாரே அழைத்தார். "கோட்டா முடிஞ்சு போச்சு தம்பி. உங்களுக்கென்ன, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கே! ஆன்லைனில் விசிட் விசா எடுங்க. நேரத்தோடே மக்காவுக்குள்ளே வந்திருங்க, மினாவில் இடம் நான் பார்த்துக்கறேன்."

மினா என்பது ஹாஜிகள் கூடாரங்களில் தங்கும் இடம். இந்தப் பேச்சை உங்களிடம் யாராவது பேசினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் ஹஜ் செய்ய அனுமதியில்லை. 2024இல் மே 23 முதல் ஜூன் 21 வரை விசிட் விசாக்காரர்கள் மக்காவுக்குள் வரவோ தங்கவோ கூடாது என்று சவூதி உள்துறை அமைச்சு அறிவித்திருந்தது. அனுமதியில்லாமல் பிடிபட்டால் 10,000 ரியால் அபராதம். 2025இல் அதை 20,000 வரை உயர்த்தினார்கள்.

அபராதத்தை விடுங்கள். 2024 ஹஜ்ஜின்போது மக்காவின் பெரிய பள்ளிவாசலான மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 பாகை வரை போனது. 1,301 பேர் இறந்தார்கள், அவர்களில் 83 சதவீதம் அனுமதியில்லாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசு சொன்னது. கூடாரமும் இல்லை, பேருந்தும் இல்லை, வெயிலில் நெடுந்தூரம் நடந்திருக்கிறார்கள். "மினாவில் இடம் நான் பார்த்துக்கறேன்" என்று அவர்களில் எத்தனை பேரிடம் யார் யார் சொல்லியிருப்பார்களோ.

நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உம்மா எங்கள் தெருத் தம்பதி ஒருவரோடு போய், நல்லபடியாக முடித்துக்கொண்டு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். நான் நுசுக்கைத் திறந்து பார்த்தபோது என் கைக்கு எட்டும் பேக்கேஜ் எதுவும் மிச்சமில்லை.

பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, ஹாஜியாரிடம் அனுமதிப்பத்திரமே இல்லை. அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்திடம் இடங்களை வாங்கி விற்கும் சப் ஏஜென்ட். உம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறார், என் பெயரைக் கொடுக்கவே இல்லை. கோட்டா முடிந்தது என்பதும் பொய். இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவரை அவரால் இப்படி இழுத்தடிக்க முடியாது, விசா வராவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். என் பிரித்தானியக் கடவுச்சீட்டுதான் அவருக்குப் பின்வாசல். அந்த நிறுவனத்தைக் கேட்டால் "உங்களிடம் நாங்கள் காசு வாங்கவில்லையே" என்றார்கள், அது உண்மை. லண்டன் மச்சானைக் கேட்டால் "குடும்பக் கடன் என்று நினைத்தேன்" என்றார். ஒரு நாட்டில் பேச்சு, இன்னொரு நாட்டில் பணம். எங்கே போய் முறையிடுவது?

எந்தக் கடவுச்சீட்டில் போகப் போகிறீர்கள் என்பதைப் பணம் கட்டும் முன் முடிவு செய்துவிடுங்கள். பதிவு, விசா, விமானச்சீட்டு எல்லாம் அந்த ஒரே எண்ணில் இருக்கட்டும். ஊர் வழி என்றால் கொழும்பு 10, டி.பி. ஜாயா மாவத்தையில் இருக்கும் திணைக்களத்தில் முகவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போட்டு, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். நுசுக் வழி என்றால் நடுவில் ஆளே வேண்டாம். "நான் நுசுக் ஏஜென்ட்" என்று பள்ளிவாசல் வாசலில் கை கொடுப்பவருக்கும் இதே பதில்தான்.

2,500 பவுண் திரும்பி வந்தது, அதுவும் உம்மா ஹாஜியார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த பிறகு. மிச்சத்தைக் கேட்டால் "துல்ஹஜ் மாதம் முடியட்டும் தம்பி" என்கிறார். எந்த வருடத்துத் துல்ஹஜ் என்று இன்னும் சொல்லவில்லை.