விமான எஞ்சினுக்கு ஆயில் சீல் இணையத்தில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 640 டாலர் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு யாரும் இவர்களிடம் மாட்டக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நானே கட்டிய சிறு விமானம், லைகமிங் ஓ-320 எஞ்சின். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் உள்ள நோஸ் சீல் (ஆயில் வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாக ஆயில் கசிந்து விண்ட்ஷீல்டில் படிய ஆரம்பித்தது. வால்வுகளின் மூடியான ராக்கர் கவரிலும், வால்வைத் தள்ளும் கம்பி போகும் புஷ்ராட் ட்யூப் ஓரத்திலும் ஈரம். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று, விமானப் பாகங்கள் விற்கும் ஒரு தளத்தில் முழு சீல் செட் வாங்கினேன். 640 டாலர்.

விற்றவர் அவராகவே எஞ்சின் சீரியல் நம்பரைக் கேட்டார். நோஸ் சீல் ஸ்டாண்டர்டா (வழக்கமான அளவு), ஓவர்சைஸா (சற்றுப் பெரியது) என்றும் கேட்டார். இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவரை யார்தான் நம்பமாட்டார்கள்? ஓவர்சைஸ் என்று எழுத்திலேயே சொன்னேன். பாகம் முறையானது என்று காட்டும் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) 8130-3 சான்றின் படமும் அனுப்பினார். பணம் கட்டினேன்.

வந்தது ஸ்டாண்டர்ட் சீல். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் வைத்தால் பிடிப்பே இல்லை. புஷ்ராட் ட்யூப் சீல்கள் லேசாக வளைத்ததுமே வெடிப்பு விட்டன, எத்தனை வருஷம் கிடந்த ரப்பரோ! சான்றில் ஒரு பார்ட் நம்பர், பாக்கெட்டில் வேறொன்று.

கேட்டால், "பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். பிரிக்காமல் அளவு எப்படிப் பார்ப்பது? சான்றைப் பற்றிக் கேட்டேன். "அது பொதுவான சான்று சார்." பொதுவான சான்று என்று ஒன்று கிடையாது. இன்ன பாகத்துக்கு, இத்தனை எண்ணிக்கைக்கு என்று காட்டத்தான் அந்தப் படிவமே. தளத்தாரிடம் போனால் விற்றவரிடம் பேசச் சொன்னார்கள், அவரோ தளத்தில் புகார் கொடுக்கச் சொன்னார். கடைசியில் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? ப்ரொப்பெல்லர் கழற்றியபடி விமானம் நிற்கிறது. என் 640 டாலர் அவர்களிடம் இருக்கிறது.

ஒரு ரப்பர் வளையம்தானே என்று விடமுடியாது. பறக்கும்போது அது பிதுங்கினால் ஆயில் வெளியே கொட்டும், அப்புறம் எஞ்சினே இறுகிவிடும். 2023-இல் பெரிய ஜெட் எஞ்சின்களுக்கே போலிச் சான்றோடு பாகங்கள் போனது வெளியே வந்தது. சிறு எஞ்சின்காரர்களை யார் கண்டுகொள்வார்கள்?

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்குச் சில: சான்றின் 8-ஆவது கட்டத்தில் உள்ள பார்ட் நம்பரையும் பாக்கெட் படத்தையும் பணம் கட்டும் முன்பே ஒப்பிடுங்கள். ரப்பரின் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். புது சீல் போடும் முன் எஞ்சின் உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாயையும் பாருங்கள், அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் வெளியே தள்ளிவிடும்.